மகள் காணாமல் போன கதையைப் படித்துவிட்டுப் பேச வருகிறவர்களுக்கு

போன மாதம் வேலூர்க் கோட்டைக்குள் மரத்தடியில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. முதல் முறையாக வந்திருந்த கல்லூரித் தம்பி ஒருவன் ஆர்வத்தோடு எழுந்து, "நூத்திப் பத்தாவது பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு சார்" என்றான். யார் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டான். குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஒருவர் பாதிதான் படித்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் கூட்டம் முடியும்வரை அவர் வாய் திறக்கவே இல்லை.

தம்பி மேல் தப்பில்லை. சஸ்பென்ஸ் நாவலைப் பற்றி நாலு பேர் நடுவில் எப்படிப் பேசுவது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முடிவைச் சொல்லக் கூடாது என்றால் வேறு எதைப் பேசுவது என்றே பலருக்குத் தெரிவதில்லை. அடுத்த ஞாயிறு இதே நாவலுக்கு இரண்டாவது சுற்று வைத்திருக்கிறோம். புதிதாக ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு ஊரில் வேறு நாவலை எடுத்துப் பேசுகிறவர்களுக்கும் உதவலாம்.

நாவலின் பெயரை இங்கே எழுதவில்லை. சில காட்சிகளைச் சொல்லப் போகிறேன், பெயரும் தெரிந்துவிட்டால் இனிமேல் படிக்கப் போகிறவருக்குக் கெடுதல். வெளிநாட்டுக் கதை, தமிழில் படித்தோம். குளிர் நாட்டில் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். மாலை வேலைக்குப் போன பதினேழு வயதுப் பெண் வீடு திரும்பவில்லை. பாதிக் கதையை அம்மா சொல்கிறாள். மீதியைப் பத்து வருடம் கழித்துத் தங்கை சொல்கிறாள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் புத்தகம்

வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். முடியாதவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. நம் காசில் நடக்கும் இடம், தயங்க வேண்டியதில்லை. போனில் சுற்றும் பிடிஎஃப் மட்டும் வேண்டாம். எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் செய்யும் அநியாயம் என்பது ஒருபுறம். பக்க எண் ஒத்துப்போகாது என்பது இன்னொன்று. கூட்டத்தில் ஒருவர் "31-ஆம் பக்கத்தை எடுங்க" என்றால் உங்கள் கையில் வேறு எதுவோ இருக்கும்.

நூலகப் பிரதியில் எங்கேயும் பேனாவால் எழுதாதீர்கள். ஒரு துப்பறியும் கதையில், ஒரு பாத்திரத்தின் பெயர் முதன்முதலில் வரும் இடத்திலேயே அதைச் சுற்றி வட்டம் போட்டு "இவன்தான்" என்று யாரோ எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். முந்நூறு பக்கத்தையும் அந்த ஒரு சொல் விழுங்கிவிட்டது.

மூன்று சீட்டு வையுங்கள்

படிக்கும்போது மூன்றே மூன்று துண்டுச் சீட்டு கையில் இருக்கட்டும். முதல் சீட்டை, யாரையாவது முதன்முதலில் சந்தேகப்பட்ட பக்கத்தில் வையுங்கள். இரண்டாவதை, அந்தச் சந்தேகம் வேறு ஆள் மேல் தாவிய பக்கத்தில். மூன்றாவது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போன பக்கத்துக்கு. சீட்டின் பின்னால் ஒரு வரி எழுதினால் போதும். பத்து இருபது சீட்டு வைத்தால் கூட்டத்தில் எதை எடுப்பது என்றே தெரியாது.

மூன்றில் மூன்றாவதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சந்தேகம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வரும், எழுத்தாளர் அப்படித்தான் அமைத்திருப்பார். எழுந்து போன இடம் ஆளுக்கு ஆள் மாறும். உங்களைப் பற்றி அதிகம் சொல்வதும் அந்தப் பக்கம்தான்.

என் மூன்றாவது சீட்டு, பாகாயம் – காட்பாடி டவுன் பஸ் டிக்கெட். அதன் பின்னால் "பிரஷ் காய்ந்திருக்கிறது" என்று எழுதியிருந்தேன். இரவு இரண்டு மணிக்கு அம்மா குளியலறைக்குப் போகிறாள். கண்ணாடிக்குக் கீழே ஒரு டம்ளரில் நாலு பல் துலக்கும் பிரஷ். மகளுடையதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கிறாள். காய்ந்திருக்கிறது. அவள் அழுதாள் என்று எழுத்தாளர் எழுதவில்லை. அடுத்த வரியில் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. நான் அங்கே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் படுத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பார்க்க வேண்டிய தேவையே இல்லை, எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனாலும் போனேன்.

கூட்டத்தில் நான் பேசியது இந்த ஒரு டிக்கெட்டை வைத்துத்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடியது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாத நாவல் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பஸ் நிலையக் கடையில் வாங்கி, ஊர் போய்ச் சேருவதற்குள் முடித்துவிடுகிற பழக்கம். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும், அடுத்ததைப் புரட்டியே தீர வேண்டும். அது சாமானியமான வித்தை இல்லை, தமிழில் லட்சக்கணக்கான பேரைப் படிக்க வைத்த வித்தை. அந்தப் பழக்கத்தோடு இந்த நாவலை எடுத்தால் முதல் எண்பது பக்கம் நகரவில்லை என்று தோன்றும். "முப்பது பக்கம் பனியே பெய்யுது" என்று ஒருவர் குறைப்பட்டார். அவர் சொன்னது நியாயம். எனக்கும் நடுவில் இருபது பக்கம் அதிகம் என்றுதான் பட்டது. ஆனால் பிள்ளையைக் காணாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டில் நேரம் எப்படிப் போகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். போன் அடிக்காது. சோறு ஆறும். யாராவது வருவார்கள், போவார்கள். அந்த மெதுவை எழுத்தாளர் வேண்டுமென்றே வைத்தாரா, அவர் கையை மீறிப் போய்விட்டதா என்பது நல்ல விவாதம். அதற்கு ஒரு பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள், "ஸ்லோவா இருக்கு" என்று நிறுத்திவிடாதீர்கள்.

கூட்டத்துக்கு வரும்போது

முழுதும் படித்தீர்களா, எதுவரை படித்தீர்கள் என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். பாதி படித்தவரும் தாராளமாக வரலாம். முதல் சுற்றில் பாதிவரை மட்டும் பேசுவோம். நடுவில் டீ. டீக்குப் பிறகு முடிவைப் பேசுவோம். முடிக்காதவர்கள் அந்த நேரத்தில் அகழிப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாம், இல்லை கிளம்பலாம். குடியாத்தத்து நண்பருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு.

பேசத் தொடங்கும்போது "நல்லா இருந்துச்சு", "சுமார்தான்" என்று தீர்ப்பில் தொடங்காதீர்கள். தீர்ப்புச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் எதிர்த் தீர்ப்பு சொல்வார், அப்புறம் அது பட்டிமன்றம். "நான் அந்த அம்மா பக்கம் நின்னு படிச்சேன்", "எனக்குத் தங்கச்சி மேல கோபம் வந்துச்சு", "அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டாரான்னு இருந்துச்சு" என்று தொடங்கிப் பாருங்கள். யார் பக்கம் நின்றீர்கள் என்பதைச் சொன்னால், எதிரில் இருப்பவர் தானாகவே தான் நின்ற இடத்தைச் சொல்வார். எங்கள் கூட்டத்தில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் அம்மா பக்கம் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த ஓர் அம்மா, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை காணாமல் போன பெண்ணின் பக்கமே நின்று படித்திருந்தார்.

"முன்னாடியே தெரிஞ்சிடுச்சு"

இதைச் சொல்ல எல்லாருக்கும் ஆசை. சொல்லலாம், டீக்குப் பிறகு. ஆனால் தெரிந்தது என்பதோடு நிற்காமல், எந்தத் துப்பை வைத்துத் தெரிந்தது என்று காட்டுங்கள். கதையின் நேர்மையைச் சோதிக்க அதுதான் வழி. நாவலை முடித்த கையோடு முதல் ஐம்பது பக்கத்தை மறுபடி புரட்டுங்கள். முடிச்சு அவிழ எது காரணமோ, அது அங்கே நம் கண்முன்னால் வைக்கப்பட்டிருக்கிறதா? வைத்திருந்தும் நாம் தவறவிட்டோம் என்றால் எழுத்தாளர் ஜெயித்தார். கடைசி இருபது பக்கத்தில் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி "இவர்தான்" என்றால் அது அழுகுணி ஆட்டம்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் எங்கள் வட்டத்தில் உண்டு. அவர் வாயால் கேட்டதை அப்படியே தருகிறேன்: "31-ஆம் பக்கத்துல கடைசி பஸ் ஒன்பதே கால்னு போட்டுகிறான். தொண்ணூறாவது பக்கத்துல ஒருத்தர் ஒன்பதரை பஸ்ல வந்தேன்றாரு. டைம்டேபிள்ல இல்லாத வண்டியில எப்படிம்மா வருவாரு?" வாழ்நாள் முழுக்க வண்டி நேரம் பார்த்த மனிதர். எங்களில் ஒருவர் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் பட்டது. அந்தத் துப்பு எங்கே போய் முடிகிறது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும் அந்தக் கண்ணோடு படியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். தையல்காரர் கிழிந்த சட்டையைப் பார்க்கட்டும். மருந்துக் கடையில் இருப்பவர் மாத்திரைச் சீட்டைப் பார்க்கட்டும்.

"நம்ம ஊர்ல இப்படி நடக்காது"

வெளிநாட்டுக் கதை என்றால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. வரட்டும். நூறு வருடத்துக்கு முன்னால் நம் வட ஆற்காட்டுக்காரர் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழில் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்தார். வெளியூர்க் கதை நம் ஊருக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கு அவ்வளவு வயதாகிறது. நான் சொல்ல வருவது, "நடக்காது" என்று முடித்துவிடாமல் "நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்" என்று பேச்சைத் திருப்புங்கள் என்பதுதான். போன மாதம் எங்கள் கூட்டத்தில் உயிர் வந்ததே அந்த இடத்தில்தான்.

சத்துவாச்சாரியிலிருந்து வரும் அக்கா ஒருவர் தொடங்கிவைத்தார். "ஏங்க, அந்தம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமே இல்லியா? சித்தி வீடு, மாமா வீடுன்னு முதல்ல ஒரு போன் போட மாட்டாங்களா?" கதையில் அம்மா இரவு பதினொரு மணிக்கு நேராகப் போலீசைக் கூப்பிடுகிறாள், வேறு யாரையும் கூப்பிடுவதில்லை. பிறகு அக்கா சொன்னதை நான் மறக்கவே முடியாது. "நானா இருந்தா பிரஷ்ஷைத் தொட்டுப் பார்க்க மாட்டேன். வாசல்ல செருப்பைப் பார்ப்பேன். ரப்பர் செருப்பைப் போட்டுகினு போயிருந்தா பக்கத்துல எங்கியோதான் போயிருக்கா, வந்துடுவா. வெளியூர் போற செருப்பு இல்லன்னா அது வேற."

ஒருவரும் பேசவில்லை. அந்த நாவலில் எங்கேயும் செருப்பு வராது. குளிர் தேசத்தில் எல்லாரும் பூட்ஸ் போட்டுத்தான் வெளியே போவார்கள், அதை வைத்து எதுவும் தெரியாது. நம் வீட்டு வாசல் வேறு. எந்தச் செருப்பு இருக்கிறது, எது இல்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளும் அம்மாக்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இப்படி ஒரு கருத்தை எந்த விமர்சகரும் எழுதித் தர முடியாது.

ரயில்வே ஐயாவும் சேர்ந்துகொண்டார். "அந்த ஊருக்கு உள்ள வர ஒரே ரோடு, வெளிய போக அதே ரோடு. அதான் போலீசு மறிச்சி வெச்சித் தேடுது. நம்ம காட்பாடியில ஏறினா ஒரு பக்கம் மெட்ராஸ், ஒரு பக்கம் பெங்களூரு, ஒரு பக்கம் திருப்பதி, இந்தப் பக்கம் விழுப்புரம். எந்தப் பக்கம்னு தேடுவீங்க?"

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னார்: "நம்ம வீட்ல மூணு நாள் யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிருப்பாங்க." மூன்று நாள் என்று அவர் கணக்காகச் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவதில் ஓர் ஆறுதல் உண்டு, ஒரு பயமும் உண்டு. அக்கம்பக்கம் தெரிந்துவிடுமே, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். கதையில் அந்த அம்மா பயப்படுவது ஒன்றுக்குத்தான், பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும். நம் அம்மாக்கள் அதோடு ஊர் வாய்க்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது. இந்த நாவலைப் பற்றி வேலூரில் பேச ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது என்றால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு நேரம் ஒதுக்குங்கள். டீ ஆறினாலும் பரவாயில்லை.

பேச்சு இந்த இடத்துக்கு வந்தால் யாராவது நிஜமாகவே கேட்பார்கள்: "24 மணி நேரம் ஆனாதானே கம்ப்ளெயின்ட் எடுப்பாங்க?" பேச்சை நடத்துகிறவருக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு விதி இல்லை. காணவில்லை என்று தெரிந்த உடனே புகார் கொடுக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. போலீஸ் தேடவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். பெண் மேஜர் என்றால், கொண்டுவந்து நிறுத்திய பிறகு எங்கே போக விருப்பம் என்று நீதிமன்றம் அவளைத்தான் கேட்கும். இந்தக் கடைசி விஷயத்தை ஒருவர் சொன்னபோது, "அப்ப கதையில அந்தப் பொண்ணை யாராவது ஒரு தடவை கேட்டாங்களா?" என்றார் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த அந்த அம்மா. அவர் ஏன் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று படித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எந்தச் சொல்லால் சொல்கிறோம்

பேசும்போது சொல்லில் கவனம் வேண்டும். காணாமல் போன பெண்ணைப் பற்றி நம் வாயில் தயாராக நிற்கும் சொற்கள் நாலைந்து. "ஓடிப்போயிட்டா" என்றால் தப்பு அவள் மேல். "கூட்டிகினு போயிட்டான்" என்றால் அவளுக்கு மனம் என்று ஒன்று இல்லவே இல்லை. "காணோம்" என்றால் தேடுகிறவரின் குரல். செய்தித்தாளில் இன்னொரு சொல் இருக்கிறது: "கல்லூரி மாணவி மாயம்". சின்ன வயதிலிருந்து அந்தத் தலைப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அதன் விசித்திரம் உறைப்பதில்லை. மாயம் என்றால் யாரும் எதுவும் செய்யவில்லை, காற்றில் கரைந்தாள் என்றாகிறது. பெட்டிச் செய்தி, நாலு வரி, அவள் திரும்பி வந்தாளா இல்லையா என்று அடுத்த நாள் போடுவதும் இல்லை.

கூட்டத்தில் ஒருவர் இயல்பாக "அந்தப் பொண்ணு ஓடிப்போன அன்னிக்கு" என்று ஆரம்பித்தார். கதையில் அவள் ஓடிப்போனாளா, யாராவது கொண்டுபோனார்களா, செத்துப்போனாளா என்று 250 பக்கம்வரை தெரியாது. அவர் மட்டும் முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் மரியாதையாகச் சொன்னார்: "காணாமப் போன அன்னிக்குன்னு சொல்லுங்களேன் சார்." அவரும் உடனே திருத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் பேசியதே வேறு மாதிரி இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் வைக்கும் கண்டிப்பான வேண்டுகோள் இது ஒன்றுதான். முடிவு தெரியும்வரை "காணாமல் போனவள்" என்றே சொல்லுங்கள்.

பேசாமல் இருப்பவர்

பேச மாட்டேன் என்கிறவரை வற்புறுத்தக் கூடாது. இந்த மாதிரிக் கதைக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும். நாவலில் அந்த அம்மா பத்து வருடமாக மகளின் அறையை அப்படியே வைத்திருக்கிறாள். படுக்கை விரிப்பை மாற்றுவாள், வேறு யாரையும் உள்ளே படுக்க விடமாட்டாள். அதைப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் வட்டத்திலேயே மூத்தவர் பக்கத்தில் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைக் காட்டினார். "இந்தக் கோயிலும் சாமி இல்லாமதான் ரொம்ப காலம் இருந்துச்சு. சத்துவாச்சாரியில இருந்த லிங்கத்த 1981-லதான் உள்ள கொண்டாந்து வெச்சாங்க. அதுவரைக்கும் நாங்க வெறும் கோயிலத்தான் வந்து பார்த்துட்டுப் போவோம்." நாங்கள் எல்லாரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில் ஒருவர் எழுந்து அகழிப் பக்கம் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. டீயை அவருக்கு எடுத்துவைத்திருந்தார்கள், அது போதும். அடுத்து யார் பேசுவது என்று கேட்கும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவரிடம் போய்விட்டோம். நீங்கள் பேச்சை நடத்த நேர்ந்தால் இப்படியே செய்யுங்கள். நீங்களே அந்த இடத்தில் இருந்தால், எழுந்து போக யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம்.

நோட்டில் ஒரு பக்கம்

எங்கள் வட்டத்துக்கு ஒரு நீள நோட்டு உண்டு. கூட்டம் முடிந்ததும் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு பக்கம் எழுதி அடுத்தவரிடம் கொடுப்பார். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள்: "விறுவிறுப்பான நாவல். கடைசி வரை சஸ்பென்ஸ் குறையவில்லை. அனைவரும் படிக்க வேண்டிய புத்தகம்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மாற்றினால் எந்த நாவலுக்கும் இதையே ஒட்டலாம்.

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண் எழுதிய பக்கத்தை, அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"நைட் டியூட்டி முடித்து வந்து படித்தேன். அம்மா பிரஷ்ஷைத் தொடும் இடத்தில், பெட் காலியான பிறகு மேசை மேல் இருக்கும் டம்ளர் ஞாபகம் வந்தது. அதை எடுத்துக் கழுவ எனக்கு எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும். தங்கை பேசும் அத்தியாயங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் மேல் கோபமாக வந்தது. அக்கா போன பிறகு அவளை யாருமே பார்க்கவில்லை என்று அவள் சொல்வது உண்மைதான். உண்மை என்பதால்தான் கோபம் வந்ததோ என்னவோ."

முடிவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கதைச் சுருக்கமும் கிடையாது. ஆனால் இதைப் படித்த மூன்று பேர் நாவலைத் தேடி வாங்கினார்கள்.

எழுத உட்காரும்போது உங்கள் மூன்றாவது சீட்டை எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்று இரண்டு வரி. அப்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், எழுந்து போய் என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி. பிறகு யார் பக்கம் நின்றீர்கள், நடுவில் மாறினீர்களா என்பது. பிடிக்காதது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், பக்க எண்ணோடு. மொழிபெயர்ப்பில் இடறிய வாக்கியம் இருந்தால் அதையும் எழுதலாம், எடுத்துக்காட்டு ஒன்று போதும். கொலை, கடத்தல், தற்கொலை, திரும்பி வந்தாள் என்று முடிவைக் காட்டிக்கொடுக்கும் சொல் எதுவும் வராமல் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தலைப்பு வைப்பதாக இருந்தால் அதில் இன்னும் ஜாக்கிரதை, அங்கேதான் முடிவு கசியும்.

சில சின்ன விஷயங்கள். ஞாயிறு நாலரைக்குக் கூடுவது வழக்கம். வெயில் காலத்தில் மரத்தடியிலும் உட்கார முடியாது என்பதால் ஐந்தரை. வேலூர் வெயில் தெரியாதவர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களை முதலில் பேச வைப்போம்.

நோட்டு இப்போது குடியாத்தத்து நண்பரிடம் இருக்கிறது. கல்லூரித் தம்பி போன வாரம் பஸ் ஏறிப் போய், அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். இருவரும் டீ குடித்தார்களாம். முடிவு தெரிந்த பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருப்பதாகவும், 31-ஆம் பக்கத்து பஸ்ஸைத் தவிர இன்னும் இரண்டு துப்பு கண்ணில் பட்டிருப்பதாகவும் நண்பர் போனில் சொன்னார். அவை என்ன என்று என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, டீக்குப் பிறகுதான் சொல்வாராம்.